வெயிலூரில் ஒயினும் சீஸும்: வீட்டில் சுவைத்துப் பார்க்கும் முறை

சிவப்பு ஒயினை அறை வெப்பநிலையில் அருந்த வேண்டும் என்று சொல்வார்கள். அந்த அறை வேலூரின் காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ இல்லை. ஐரோப்பாவில் 16 முதல் 18 டிகிரி வரை இருக்கும் ஒரு குளிர்ந்த கூடத்தை நினைத்துச் சொன்ன பேச்சு அது. கத்திரி வெயில் நாளில் வேலூரில் இரவு ஒன்பது மணிக்கும் மின்விசிறி ஓடும் கூடத்தில் 33, 34 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டில் சிவப்பு ஒயினை ஊற்றினால் மூக்கில் முதலில் ஏறுவது ஆல்கஹால் நெடிதான். பழ வாசனை அதற்குள் அமுங்கிப்போகும். தட்டில் வைத்த சீஸ் எண்ணெய் கக்க ஆரம்பிக்கும். எந்த ஒயினுக்கு எந்த சீஸ் என்று யோசிப்பதற்கு முன், இரண்டும் என்ன சூட்டில் மேசைக்கு வருகின்றன என்பதைத்தான் இந்த ஊரில் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதல் தடவை செய்து பார்ப்பவர்களுக்கு மார்கழி, தை மாத இரவுகள் நல்லது. மே மாதத்தில் செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஏசி அறை, அதுவும் இல்லையென்றால் நிறைய ஐஸ்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

தமிழ்நாட்டில் மதுவின் சில்லறை விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருக்கிறது. 21 வயது நிரம்பாதவர்களுக்கு விற்கக் கூடாது. ஒயினுக்குச் சாதாரணக் கடையைவிட எலைட் கடையில் தேர்வு கூடுதல். குளிர்சாதன வசதியும் இருக்க வாய்ப்பு உண்டு. ‘பெங்களூரில் மலிவு, சித்தூர் பக்கத்தில்தான்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அனுமதி இல்லாமல் வெளி மாநில மதுவைக் கொண்டுவருவது குற்றம். கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடியில் மாட்டினால் அந்த மலிவு மலிவாக இருக்காது.

பாட்டிலைக் கையில் எடுத்ததும் மூடியைப் பாருங்கள். தக்கை, பாட்டில் வாயைத் தாண்டி மேலே தள்ளிக்கொண்டு வந்திருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு வழிந்து காய்ந்திருந்தாலோ அந்தப் பாட்டில் வெயிலில் வெந்துவிட்டது. லாரியிலோ கிடங்கிலோ சூடேறி, உள்ளே திரவம் விரிந்து தக்கையைத் தள்ளியிருக்கிறது. குடித்தால் காய்ச்சிய ஜாம் போலத் தட்டையாக இருக்கும். எந்த சீஸும் அதைக் காப்பாற்றாது. நம் ஊர்ச் சூட்டுக்குத் திருகு மூடி போட்ட பாட்டில்தான் நம்பகமானது. கடையில் நிற்க வைத்தே இருந்தாலும் காய்ந்து சுருங்க அதில் தக்கை இல்லை. வெள்ளை ஒயின் என்றால் லேபிளில் உள்ள ஆண்டு இரண்டு வருடத்துக்கு உட்பட்டதாக இருக்கட்டும். வெயில் விழும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் நிற்பதை விட்டுப் பின்வரிசைப் பாட்டிலைக் கேளுங்கள்.

மூன்று பாட்டில் போதும். ஒன்று புளிப்பான, இனிப்பில்லாத வெள்ளை: சோவின்யோன் பிளாங். அடுத்தது லேசான இனிப்புள்ள வெள்ளை. நாசிக்கின் சூலா விற்கும் ஷெனின் பிளாங் அந்த வகை. மூன்றாவது துவர்ப்புள்ள சிவப்பு: ஷிராஸ் அல்லது கேபர்னே. நந்தி மலைப் பக்கத்து குரோவர், சோலாப்பூர் மாவட்டத்து ஃபிராடெல்லி, சூலா என மூவருமே இந்த வகையில் ஒயின் செய்கிறார்கள். கூடவே ஒரு சின்ன பாட்டில் ‘லேட் ஹார்வெஸ்ட்’ இனிப்பு ஒயின் கிடைத்தால் நீலப் பூஞ்சை ஓடிய புளூ சீஸுக்கு வைத்துக்கொள்ளலாம்.

சீஸுக்குத் தமிழ்நாட்டை விட்டு வெளியே போக வேண்டியதில்லை. கொடைக்கானல், குன்னூர், ஆரோவில் மூன்று இடத்திலும் சீஸ் செய்கிறார்கள். சென்னையிலும் சிறு தயாரிப்பாளர்கள் உண்டு. ஆரோவில்லின் லா ஃபெர்ம் சீஸைப் புதுச்சேரியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவருபவர்கள் கைப்பையில் போட்டு வராதீர்கள். ஐஸ் ஜெல் பையோடு தெர்மோகோல் பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் மென்மையான சீஸ் திண்டிவனம் தாண்டுவதற்குள் குழம்பாகிவிடும். நான்கு வகை எடுங்கள்: ஃபெட்டா அல்லது ஆட்டுப்பால் சீஸ், வெள்ளைத் தோலுள்ள ப்ரீ அல்லது காமம்பேர், கெட்டியான பழைய செடார் அல்லது கவுடா, கடைசியாக ஒரு புளூ. சைவ வீடு என்றால் பச்சைப் புள்ளியைப் பார்த்து வாங்குங்கள். இந்தியத் தயாரிப்புகளில் பாலைத் திரிய வைக்கப் பெரும்பாலும் நுண்ணுயிரிலிருந்து எடுத்த உறைபொருள்தான் சேர்க்கிறார்கள். இத்தாலியிலிருந்து வரும் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் கட்டாயம்.

டின்னிலும் சதுர டப்பாவிலும் வரும் பதப்படுத்திய சீஸைப் பற்றிக் கேட்பார்கள். தாராளமாக ஒரு ஓரத்தில் வைக்கலாம். ஆனால் அதில் உப்பு முன்னால் நிற்கும். ருசி வாயில் மாறிக்கொண்டே போகாது. ஷெனின் பிளாங்கோடு ஒத்துப்போகும், சிவப்போடு ஒன்றும் நடக்காது.

கணக்கு

ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஒயினிலும் ஆளுக்கு முதலில் 30 மி.லி. தனியாகச் சுவைக்க, பிறகு 60 மி.லி. சீஸோடு. ஆக 90. ஆறு பேருக்கு 540 மி.லி. 750 பாட்டிலில் சுமார் 200 மிஞ்சும். சீஸ் ஒவ்வொரு வகையிலும் ஆளுக்கு 25 கிராம், மொத்தம் 150 கிராம். நான்கு வகை சேர்ந்தால் ஆளுக்கு 100 கிராம் ஆகிவிடுகிறது. அது குறைவில்லை, இரவுச் சாப்பாட்டைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.

மூன்று ஒயினும் முழுதாகக் குடித்தால் ஒருவருக்கு 270 மி.லி. 13 சதவீத ஒயினில் அது 35 மி.லி. சுத்த ஆல்கஹால், ஏறக்குறைய 80 மி.லி. விஸ்கிக்குச் சமம். வண்டி ஓட்ட சட்டம் அனுமதிக்கும் எல்லை 100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராம்தான். பைக்கில் வந்தவர் இந்தக் கணக்கில் தேற மாட்டார். ஆளுக்கு ஒரு துப்பும் டம்ளர் வையுங்கள், வண்டிச் சாவியையும் முதலிலேயே வாங்கி வையுங்கள். துப்பினாலும் வாயில் ருசி முழுதாகத் தெரியும். தொழிலாகச் செய்பவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

குளிர வைப்பது

ஊற்றும்போது இருக்க வேண்டிய சூடு: ஸ்பார்க்லிங் என்ற குமிழி ஒயினும் வாங்கியிருந்தால் அதற்கு 6 முதல் 8 டிகிரி, வெள்ளை 8 முதல் 10, இனிப்பு ஒயினும் அதே. சிவப்பு 16 வரை போகலாம். ஆனால் 34 டிகிரி அறையில் கிளாஸில் விழுந்த நிமிடத்திலிருந்தே ஏற ஆரம்பித்துவிடும் என்பதால் 13, 14இல் ஊற்றுவது புத்திசாலித்தனம். சிவப்பை ஃப்ரிட்ஜில் வைத்தால் பாவம் என்பார்கள் சிலர். அவர்கள் வேலூரில் குடித்ததில்லை.

சுலபமான வழி, எல்லாப் பாட்டிலையும் காலையிலேயே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது. 32 டிகிரியில் இருக்கும் பாட்டில் 8 டிகிரிக்கு இறங்க நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சிவப்பை உட்காருவதற்கு அரை முதல் முக்கால் மணி முன்பு வெளியே எடுங்கள், வெள்ளையைப் பத்து நிமிடம் முன்பு. மறந்துபோனால் வாளி வைத்தியம்: ஐஸும் தண்ணீரும் சரிபாதி, ஒரு கை கல்லுப்பு, பாட்டிலின் கழுத்து வரை மூழ்க வேண்டும். வெள்ளைக்கு 20 நிமிடம், சிவப்புக்கு 10. தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸ்கட்டிக்குள் செருகினால் இடைவெளியில் காற்றுதான் இருக்கும், குளிர் ஏறாது. ஃப்ரீஸரில் போட்டு மறந்தால் ஒயின் உறைந்து விரிந்து மூடியைத் தள்ளும். ஸ்பார்க்லிங் பாட்டில் வெடிக்கவே செய்யும். கிளாஸுக்குள் ஐஸ்கட்டி போடாதீர்கள். நீர்த்துப்போன ஒயினில் பொருத்தம் பார்க்க ஒன்றும் இருக்காது.

சீஸுக்கு இதன் மறுபக்கம். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் கொழுப்பு இறுகிக் கிடக்கும், வாசனை எழும்பாது, சுண்ணாம்பு மென்ற மாதிரி இருக்கும். ஐரோப்பியக் குறிப்புகள் ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடு என்கின்றன. இங்கே கெட்டி சீஸுக்கு 15, 20 நிமிடமும் மென்மையானதற்குப் பத்து நிமிடமும் தாராளம். ஏசி போட்ட அறையில் அரை மணி. செடாரின் மேல் எண்ணெய்த் துளிகள் பூத்தால் நேரம் தாண்டிவிட்டது, உடனே உள்ளே வையுங்கள். பாதியைத் தட்டில் வைத்து மீதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டு, இரண்டு தடவையாகப் பரிமாறுவது நல்லது. 32 டிகிரிக்கு மேற்பட்ட அறையில் எந்த சீஸும் மொத்தமாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது. மென்மையானவற்றில் கிருமி வளர அது போதும்.

துவர்ப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள்

ஒயின்-சீஸ் விஷயத்தில் பாதி, டானின் என்ற துவர்ப்புப் பொருளைச் சுற்றித்தான். ஆம்பூர், ராணிப்பேட்டைக்காரர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டாம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிடும்போது நடப்பதும் இதேதான்: டானின், தோலில் உள்ள புரதத்தோடு பிணைந்து அதை இறுக்குகிறது. சிவப்பு ஒயினின் டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் நாக்கும் கன்னமும் வறண்டு இழுக்கின்றன. வாயில் சீஸ் இருந்தால் அதன் கேசின் என்ற பால் புரதத்தையும் டானின் பிடித்துக்கொள்கிறது. சீஸின் கொழுப்பும் நாக்கில் ஒரு படலம் போடுகிறது. அதனால்தான் முரட்டு ஷிராஸ், கெட்டி செடாருக்குப் பிறகு மிருதுவாகிறது.

பாட்டில் திறக்கும் முன் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று செய்யலாம், குடிக்காதவர்களும் சேரலாம். இரண்டு தேக்கரண்டி டீத்தூளை 150 மி.லி. கொதிநீரில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு வடிகட்டி, சர்க்கரை இல்லாமல் ஆறவையுங்கள். ஒரு வாய் குடித்து வறட்சியைக் கவனியுங்கள். ஒரு துண்டு செடாரை மென்று விழுங்கி இன்னொரு வாய் குடியுங்கள். இழுப்பு குறைந்திருக்கும். பால் ஊற்றினால் டீயின் துவர்ப்பு அடங்குவதும் இதே காரணத்தால். இந்த வித்தியாசம் நாக்குக்குப் பிடிபட்டுவிட்டால் பிறகு ஒயினில் தேட வேண்டியது என்னவென்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2006இல் வெளியானது. எட்டு சிவப்பு ஒயின்களையும் எட்டு சீஸ்களையும் சேர்த்துச் சோதித்ததில், சீஸுக்குப் பிறகு ஒயினின் துவர்ப்பு மட்டுமல்ல, பழ வாசனை உட்படப் பெரும்பாலான குணங்கள் மங்கின. வெண்ணெய் வாசனை மட்டும் கூடியது. ஆகவே விலை கூடிய சிவப்பைச் சீஸோடு திறப்பது பணத்துக்கு நஷ்டம். நடுத்தர விலைப் பாட்டிலே போதும். எந்த ஒயினையும் முதலில் தனியாகச் சுவைத்துவிடுங்கள்.

மேசையும் மூக்கும்

கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, ரூம் ஸ்பிரே எதுவும் அன்று மாலை அந்த அறையில் வேண்டாம். கொசுத் தொல்லைக்கு ஜன்னல் வலையும் மின்விசிறியும்தான் துணை. கட்டுக்கட்டாக மல்லிகைப்பூ இருந்தாலும் சோவின்யோன் பிளாங்கின் வாசனை தெரியாது. காபி, வெற்றிலை, பிரியாணி எல்லாம் முடிந்து ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன் வைப்பதே மேல்.

எவர்சில்வர் டம்ளர் கூடாது, உலோக வாசனை குறுக்கே வரும். வாய் குறுகிய, வயிறு அகன்ற கண்ணாடி கிளாஸ் வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் உப்புப் படிவு வெள்ளையாக ஒட்டும், சோப்பு வாசனையும் தங்கும். கடைசி அலசலைக் கேன் தண்ணீரில் செய்து கவிழ்த்து உலர விடுங்கள். துணியால் துடைத்தால் துணியின் வாசனை ஏறும்.

இடையில் வாயைச் சுத்தம் செய்ய பேக்கரி பிரெட் சரிப்படாது. நம் பக்கத்துப் பிரெட்டிலும் பன்னிலும் இனிப்பு இருக்கும். அதைத் தின்ற நாக்குக்கு அடுத்த ஒயின் புளிக்கும். உப்பு பிஸ்கட்டும் குளிராத தண்ணீரும் போதும். வறுத்த வேர்க்கடலை, பச்சை ஆப்பிள், பேரீச்சை இரண்டாம் சுற்றுக்கு. ஊறுகாய், மிளகாய்ப்பொடி தூவிய கொய்யா இரண்டும் உள்ளே வரக் கூடாது.

சீஸை வெட்டுவதில் ஒரு விஷயம். முக்கோணத் துண்டாக வரும் சீஸில் ஒவ்வொருவர் பங்கிலும் தோலும் நடுப்பகுதியும் சேர்ந்து வர வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ருசி வேறு. ப்ரீயை நனைத்த கத்தியால் வெட்டுங்கள். உதிரும் புளூவுக்குப் புதுத் தையல் நூலை இழுத்துப் பிடித்து அறுப்பது சுலபம். புளூ தொட்ட கத்தி வேறெதையும் தொடக் கூடாது.

சுவைக்கும் வரிசை

லேசானதிலிருந்து கனமானதுக்கு, இனிப்பில்லாததிலிருந்து இனிப்புக்கு. மூன்று ஒயினையும் 30 மி.லி. வீதம் ஊற்றுங்கள், லேபிளைச் செய்தித்தாளால் சுற்றி எண் போடுங்கள். விலை தெரிந்தால் நாக்கு பொய் சொல்லும். கிளாஸை மேசையிலேயே வைத்துச் சுழற்றி மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். ஒரு தேக்கரண்டி அளவு வாயில் வைத்துப் பத்து விநாடி சுழற்றுங்கள். புளிப்பு, இனிப்பு, துவர்ப்பு, தொண்டைச் சூடு, விழுங்கிய பின் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று ஐந்தையும் ஒரு வரியில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு சீஸ். வாயில் போட்டுப் பாதி மென்று, நாக்கில் பசையாகப் பரவியதும் விழுங்காமல் ஒயினை அதன் மேல் விடுங்கள். முழுதாக விழுங்கிவிட்டுக் குடித்தால் பாதிதான் தெரியும். மூன்று ஒயின், நான்கு சீஸ் என்றால் பன்னிரண்டு கட்டம். ஒவ்வொன்றுக்கும் கூட்டல், பூஜ்யம், கழித்தல் என்று மட்டும் குறியுங்கள். ஐந்துக்கு மூன்றரை என்று மதிப்பெண் போட ஆரம்பித்தால் சண்டைதான் வரும்.

பெரும்பாலும் வெல்லும் ஜோடிகள்: சோவின்யோன் பிளாங்கோடு ஃபெட்டா அல்லது ஆட்டுப்பால் சீஸ். பிரான்ஸின் லுவார் பகுதியில் சான்செர் ஒயினும் ஷாவின்யோல் ஆட்டுப்பால் சீஸும் ஒரே மண்ணில் விளைந்த ஜோடி; புளிப்புக்குப் புளிப்பு, மேலே உப்பு. இதே ஒயினுக்கு நம் பன்னீரையும் பழக்கலாம். பச்சையாகக் கொடுத்தால் சப்பென்றிருக்கும்; உப்பு, மிளகு தூவித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் சிவக்க வாட்டிக் கொடுங்கள். ஷெனின் பிளாங், இளங் கவுடாவோடும் மிளகு, மிளகாய் சேர்த்த சீஸ்களோடும் போகும். அதன் லேசான இனிப்பு காரத்தைத் தணிக்கிறது. ஷிராஸுக்குப் பழைய செடார். ப்ரீக்கு ஸ்பார்க்லிங்: குமிழியும் புளிப்பும் நாக்கில் படிந்த வெண்ணெயை வழித்தெடுக்கும். புளூவுக்கு இனிப்பு ஒயின்: ரோக்ஃபோருக்கு சோத்தெர்ன், ஸ்டில்டனுக்கு போர்ட் என்று உலகம் கண்டுபிடித்த வழி அது. உப்பு இனிப்பைத் தூக்குகிறது, இனிப்பு புளூவின் காட்டத்தை அடக்குகிறது.

யாராவது ஆற்காடு மக்கன் பேடாவையும் இனிப்பு ஒயினோடு வைக்கலாமே என்பார்கள். வேண்டாம். உணவைவிட ஒயின் இனிப்பு குறைந்திருந்தால் ஒயின் வெறும் புளித்தண்ணீராகத் தெரியும். பாகில் ஊறிய மக்கன் பேடாவை மிஞ்ச லேட் ஹார்வெஸ்ட்டாலும் முடியாது.

கெட்டுப்போகும் இடங்கள்

ப்ரீயும் சிவப்பு ஒயினும் படங்களில்தான் நண்பர்கள். வாயில் கசப்பும் துருப்பிடித்த இரும்பின் ருசியும் வந்தால் காரணம் அந்த வெள்ளைத் தோல். பழுத்துவரும் தோலில் அமோனியா சேரும், அதற்கும் டானினுக்கும் ஆகாது. தோலைச் சீவிவிட்டு நடுப்பகுதியை மட்டும் சுவைத்துப் பாருங்கள், பாதி சரியாகும். புளூவின் பூஞ்சையோடும் ஷிராஸ் இப்படியே முறைத்துக்கொள்ளும்.

தொண்டை எரிகிறது என்றால் மிளகாய் சீஸை 14 சதவீதச் சிவப்போடு சேர்த்திருப்பீர்கள். ஆல்கஹாலும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். எல்லா ஒயினும் ஒரே மாதிரி இருக்கிறது என்றால் குளிர் அதிகம், கிளாஸை உள்ளங்கையில் இரண்டு நிமிடம் பொத்திப் பிடியுங்கள். ஈரமான பழைய செய்தித்தாள் நாற்றம் வந்தால் தக்கை கெட்ட பாட்டில். காற்றாட வைத்தாலும் போகாது. வினிகர் அல்லது நகப்பூச்சு நீக்கி வாசனையும் அப்படித்தான்.

மிஞ்சியவை

பாட்டிலில் மிஞ்சிய 200 மி.லி.யைக் கெடுப்பது மேலே உள்ள காற்று. சுத்தமான சிறு கண்ணாடி பாட்டிலில் விளிம்புவரை ஊற்றி மூடி, சிவப்பானாலும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மூன்று நான்கு நாள் தாங்கும். ஸ்பார்க்லிங் மறுநாளே தீர வேண்டும். சீஸைப் பிளாஸ்டிக் உறையில் இறுக்கிச் சுற்றினால் வியர்த்து வழவழக்கும். பட்டர் பேப்பரில் சுற்றி, மூடி தளர்ந்த டப்பாவில், காய்கறி டிரேயில். புளூவுக்குத் தனி டப்பா, இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் செடாரிலும் நீலம் ஏறியிருக்கும். எண்ணெய் கக்கிய செடாரை மறுபடி தட்டில் வைக்க முடியாது. துருவி, காலையில் தோசை மேல் தூவிவிடுங்கள்.